எர்ணாவூர் வழி ஸ்பெயின்

ஸ்பெயின் தேசம் ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ரயில்வே கேட் சாத்தியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஆகும். திருவொற்றியூர் தாண்டி எர்ணாவூரில் இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து கடல் பக்கம் நடந்தால் ஓலைக் கூரை போட்ட ஒரு வீடு வரும். அதுதான் ஸ்பெயின். எங்கள் தெருவில் இந்தப் பூகோளம் தெரியாத ஆளே கிடையாது. தெரியாதவள் ஒரே ஒருத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவளைத்தான் ஸ்பெயின் அத்தை என்று கூப்பிட்டோம்.

அத்தையின் புருஷன் கப்பலில் பண்டாரி. மாலுமிகளுக்குச் சமைத்துப் போடுகிறவருக்கு அந்தப் பெயர். ஒரு தடவை அவர் போன சரக்குக் கப்பல் இயந்திரம் பழுதாகி, ஸ்பெயினில் ஏதோ ஒரு துறைமுகத்தில் குளிர்காலம் முழுக்க நின்றுவிட்டதாம். குளிர் தாங்காமல் எதிரே இருந்த பலகாரக் கடையின் அடுப்படியில் போய் உட்கார்ந்தவர், பழம் வைத்து மடித்துச் சுடுகிற ஒரு பணியாரத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். லீவில் வந்தபோது அதை அத்தைக்குச் செய்து காட்டினார். பிறகு மறுபடியும் கப்பலேறினார்.

அந்தக் கப்பல் மெட்ராஸுக்குத் திரும்பி வந்தது. அவரும் பத்திரமாக இறங்கினார். ஆனால் பஸ் ஏறியவர் ராயபுரத்தில் இறங்கவில்லை. எர்ணாவூரில் மீன் விற்கிற ஒரு பெண்ணோடு குடித்தனம் வைத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமையல் வேலையும் கிடைத்துவிட்டது. அத்தையிடம் மட்டும் அவர் இன்னும் ஸ்பெயினில்தான் இருக்கிறார் என்று தெருவே கூடிச் சொல்லி வைத்தது.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் தெரு ஆம்பிளைகளில் பாதிப் பேருக்கு அதே தொழிற்சாலையில்தான் வேலை. என் அப்பா அங்கே ஃபிட்டர். மத்தியானம் அத்தை புருஷன், அதாவது எங்கள் மாமா, கையால் வாங்கிச் சாப்பிடுவார்கள். சாயங்காலம் அதே வாயைத் துடைத்துக்கொண்டு அத்தை வாசலைத் தாண்டி வருவார்கள். "இன்னா அத்தே, ஸ்பெயின்ல இந்த வருசம் படா குளுராமே, பேப்பர்ல போட்டுகீறான்," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் அவர்களுக்குப் புண்ணியம் செய்த திருப்தி. மாமா நன்றி மறக்கிற ஆள் இல்லை. எங்கள் தெருக்காரன் தட்டு என்றால் சோற்றுக்கு அடியில் ஒரு வறுத்த மீன் துண்டு ஒளிந்திருக்கும். மற்ற தெருக்காரர்களுக்குக் குழம்போடு சரி. அந்த மீன் துண்டுக்கு அப்பா கடைசிவரை விசுவாசமாக இருந்தார்.

தெருக் குழாயடியில் அத்தை குடத்தோடு வந்தால் பேச்சு சட்டென்று புளி விலைக்கு மாறும். எர்ணாவூர் என்ற பேரையே தெருவில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்தால் புருஷன் போன துக்கம் ஒரு பக்கம், இத்தனை நாள் ஊரே தெரிந்து வைத்துக்கொண்டு தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது என்கிற அவமானம் ஒரு பக்கம். இரண்டையும் அவள் தாங்கமாட்டாள், கடலில் போய் விழுந்துவிடுவாள் என்று அம்மா நிஜமாகவே பயந்தாள்.

அத்தைக்கு ஒரு குணம் உண்டு. யாரையும் எதையும் கேட்கமாட்டாள். கேள்வி என்று ஒன்று அவள் வாயிலிருந்து வந்து அப்போதெல்லாம் நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் கேள்வியாகக் கேட்பதை அவள் சேதியாகச் சொல்வாள். மீன் கூடைக்காரி வந்தால், "இந்த வஞ்சிரம் நேத்து புட்ச்சது. இன்னிக்கு வெலைக்கு நான் வாங்கமாட்டேன்," என்பாள். கூடைக்காரி தானே விலையைக் குறைத்துவிடுவாள். என் தம்பி தாஸு ஒரு நாள் அவள் வீட்டுப் பீங்கான் தட்டை உடைத்துவிட்டு, பூனை மேல் பழி போடக் கதை எல்லாம் தயார் செய்து வைத்திருந்தான். மற்ற வீடாக இருந்தால் யார், எப்போது, எப்படி என்று விசாரணை நடந்திருக்கும். அத்தை துடைப்பத்தைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்து, "தாஸு, மூலைல ஒரு துண்டு கீது பாரு. காலு ஜாக்கிரத," என்றாள். தயார் செய்த கதையைச் சொல்ல வழியில்லாமல் அவன் ஓவென்று அழுதான்.

கப்பல்காரர்கள் வீடு தெருவில் இன்னும் நாலைந்து இருந்தன. தபால்காரர் தலை தெரிந்தால் போதும், "அண்ணே, லெட்டர் கீதா?" என்று அந்த வீட்டுப் பெண்கள் ஓடி வருவார்கள். அத்தை எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். ஒரு நாள் தபால்காரர் மனசு கேட்காமல் அவள் வாசலில் தானே சைக்கிளை நிறுத்தி, "உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா," என்றார். "நான் கேக்கலீங்களே. தண்ணி குட்சிட்டுப் போங்கோ," என்றாள் அத்தை. அவர் சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர் போல முழித்துக்கொண்டு போனார்.

அம்மாவுக்கு இதில் அத்தை மேல் கோபம்கூட உண்டு. "வாயத் தொறந்து நாலு கேள்வி கேக்கத் தெரிஞ்சிருந்தா அந்தாளு இப்டி ஆடியிருப்பானா? வெகுளி. சுத்த வெகுளி," என்பாள். அம்மா அப்பாவைப் பார்த்து ஒரு நாளைக்கு நாற்பது கேள்வி கேட்பவள். அவர் ஒரு கேள்விக்கும் உண்மையைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

எனக்கு அத்தை என்றால் உயிர். பயமும் இருந்தது. கேள்வி கேட்கிறவர்களிடம் பொய் சொல்லித் தப்பித்துவிடலாம். கேட்காதவளிடம் என்ன செய்வது?

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் அவளுக்குப் பிள்ளைகள் தேவைப்படும். அவளுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. பணியாரத்தின் ஓரத்தை மடிக்கச் சின்ன விரல்தான் சரிப்படும் என்று நாலு பேரை வரச்சொல்வாள். நான், தம்பி தாஸு, எதிர் வீட்டு ரெட்டைப் பெண்கள். கற்றுக்கொடுத்தாள் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. வேலை வாங்கினாள். செங்குன்றம் பக்கத்திலிருந்து கூடையில் வருகிற கொய்யாவில் நன்றாகப் பழுத்து நசுங்கினதாகப் பொறுக்கி எடுத்து, வேகவைத்து, பழைய வேட்டித் துணியில் போட்டுப் பிழிந்து விதை நீக்க வேண்டும். அது ரெட்டைகளின் வேலை. பிழிந்ததைச் சர்க்கரையும் எலுமிச்சம்பழமும் போட்டுக் கிண்டுவது தாஸு. கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிறவரை கிண்ட வேண்டும். ஸ்பெயினில் இதற்கு வேறு பழமாம். பச்சையாகத் தின்றால் துவர்க்குமாம், வெந்தால் சிவக்குமாம். மாமா அதன் பேரையும் சொல்லியிருந்தார், அத்தைதான் மறந்துவிட்டாள்.

சர்க்கரை ரேஷனில் வந்த காலம் அது. ஆளுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். அதை எப்படிக் கொண்டுவந்தோம் என்று அத்தை ஒரு நாளும் கேட்டதில்லை. மாவு, மாதா கோயிலில் ஏழைகளுக்குக் கொடுத்த அமெரிக்க மாவு. நம்மூர்க் கொய்யா, அமெரிக்க மாவு, ஆனால் பணியாரம் மட்டும் ஸ்பெயின்.

மாவில் ஒயின் ஊற்றிப் பிசைய வேண்டும் என்பது மாமா சொன்ன முறை. அப்போது மதுவிலக்கு. ஒயின் என்ற பொருள் பூசைப் பாத்திரத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. எங்கள் கோயில் உபதேசியார், ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஞானோபதேசம் நடத்துகிறவர், இந்த ஒயின் பேச்சைக் கேள்விப்பட்டு அத்தை வீட்டுக்கே வந்துவிட்டார். "இன்னாம்மா ஊத்துறே மாவுல?" என்று கருப்புக் காகிதம் சுற்றிய பாட்டிலைக் காட்டிக் கேட்டார். "வாசனைக்கு," என்றாள் அத்தை. அவர் பாட்டிலை முகர்ந்து பார்த்தார். மறுபடி முகர்ந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சுட்டு வந்ததும் நாலு சாப்பிட்டார்.

நாங்கள் கேள்வி கேட்பதற்கு மட்டும் தடையில்லை. ஓரம் மடித்துக்கொண்டே கேட்டுத் தள்ளுவோம்.

"அத்தே, ஸ்பெயின்ல கடல் கீதா?"

"கீது. இதே கடல்தான், சுத்திக்கினு போவுது."

"அங்க எப்ப அத்தே துன்னுவாங்கோ?"

"ராத்திரி பத்து மணிக்கு. மத்தியானம் துன்னுட்டு எல்லாரும் தூங்கிருவாங்களாம்."

"அப்ப எங்க நைனா மாதிரி," என்பான் தாஸு.

ரெட்டைகளில் மூத்தவள் ஒரு குசும்புக்காரி. ஒரு வருஷம் முகத்தைப் பால் மாதிரி வைத்துக்கொண்டு, "மாமா இப்ப இன்னா பண்ணிகினு இருப்பாரு அத்தே?" என்று கேட்டுவிட்டாள். நான் மேஜைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினேன். அத்தை தலை நிமிராமல், "சமைச்சுகினு இருப்பாரு," என்றாள். அது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த நேரம் என் அப்பா அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஓரம் மடிப்பதுதான் பெரிய வேலை. மாவை அப்பளமாகத் தேய்த்து, நடுவில் பழக்கூழை வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தைக் கயிறு முறுக்குகிற மாதிரி விரலால் திருகிக்கொண்டே போக வேண்டும். திருகு பெரிதாக இருந்தால் அத்தை பிரித்துவிட்டு மறுபடி கையில் கொடுப்பாள். முடித்ததும் தகரத் தட்டுகளில் அடுக்கி, ஈரத்துணி போட்டு, தலையில் வைத்து பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். ரொட்டி சுட்டு முடித்த சூட்டில் தெரு வீடுகளின் கேக்குகளையெல்லாம் பேக்கரிக்காரப் பாய் சுட்டுக் கொடுப்பார்.

"இன்னாம்மா, சோமாசி ரெடியா?" என்பார் பாய், வருஷம் தவறாமல்.

"சோமாசி எண்ணெயில பொரிக்கிறது. அது இந்தியா. இது நெருப்புல சுடறது. இது ஸ்பெயின்."

"சரி, ஸ்பெயினை அந்த ஓரமா வைம்மா."

சுட்டு வந்ததும் ஆளுக்கு ஒன்று கையில் கொடுப்பாள். எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டாள். "நல்லா கீது. துன்னு," என்பாள். நன்றாகத்தான் இருக்கும். மேலே பொரபொரவென்று உதிரும், உள்ளே கொய்யா நாக்கைச் சுடும். அதன் பிறகு எத்தனையோ பெரிய கடைகளில் என்னென்னவோ வாங்கித் தின்றிருக்கிறேன். அந்த ருசி கிடைத்ததே இல்லை.

கிறிஸ்மஸ் அன்று வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு போகும். பூத்தையல் போட்ட துணியால் மூடி, பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது. பலகாரம் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்ப வேண்டும். இந்த நல்ல வழக்கம்தான் ஒரு வருஷம் எங்கள் மானத்தை வாங்கப் பார்த்தது.

அந்த வருஷம் அம்மாவின் அச்சு முறுக்கு அச்சை விட்டு வரவே இல்லை. தட்டுக்கு வைக்கப் பலகாரம் போதவில்லை. அப்பா வேலைக்குப் போன இடத்திலிருந்து கிறிஸ்மஸ் இனாம் என்று ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அதில் இருந்ததை எடுத்து அத்தை வீட்டுக்குப் போகிற தட்டில் வைத்து அம்மா என்னிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள். அத்தை துணியை எடுத்துப் பார்த்தாள். அரை நிலா வடிவில், ஓரத்தில் கயிற்றுத் திருகலோடு பழப்பணியாரம். ஒன்றைக் கையில் எடுத்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். கடித்தாள். நிதானமாக மென்றாள்.

"கொய்யா பத்தல. வனஸ்பதி ஜாஸ்தி," என்றாள்.

பிறகு எங்கள் தட்டில் தன்னுடைய பணியாரங்களை அடுக்கி, "பிலோ, உங்கப்பா டிபன் டப்பாவுல ரெண்டு வெச்சு அனுப்பு. வேலைக்குப் போற மனுசன்," என்று சொல்லிக் கொடுத்தாள். எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்கவில்லை.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் வீட்டில் பூகம்பம். கேண்டீன் பலகாரத்தை எடுத்துப் போய் அவளுக்கே கொடுத்திருக்கிறாயே என்று அப்பா கத்த, அறிவு கெட்டுப்போய் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்று அம்மா கத்தினாள். என்னைக் கூப்பிட்டு அத்தை என்ன கேட்டாள் என்று விசாரித்தார்கள். "ஒண்ணும் கேக்கல. வனஸ்பதி ஜாஸ்தின்னாங்கோ," என்றேன். இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. "நான் சொல்லல? வெகுளி," என்றாள் அம்மா.

அப்பாவின் டிபன் டப்பாவில் இரண்டு பணியாரம் போயிற்று. அவருக்கும் மனசாட்சி உண்டு. ஒன்றைத் தான் தின்று, மாமாவைக் கேண்டீன் பின்பக்கமாகக் கூட்டிப்போய் மற்றதைக் கொடுத்தார். கட்டின பெண்டாட்டி கைப் பலகாரத்தை அவளுக்குத் தெரியாமல் புருஷனுக்குக் கொடுத்த பெருமையை அம்மாவிடம் ரகசியமாகச் சொல்லிக்கொண்டார். மாமா சுவரைப் பார்த்தபடி நின்று தின்றாராம். அடுத்த வருஷம் கேண்டீன் இனாமில் கொய்யா தாராளமாக இருந்தது. அதற்குப் பிறகு கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் அந்த டப்பா போய் வந்துகொண்டே இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் என் அப்பாவின் டிபன் டப்பா வழியாகவே குடும்பம் நடத்தினார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லோரும் ரகசியத்தைக் காப்பாற்றுவதிலேயே மும்முரமாக இருந்தோம்.

மாமா செத்துப்போனதும் ஒரு கிறிஸ்மஸ் சமயத்தில்தான். கேண்டீனில் அண்டாவுக்குப் பக்கத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எர்ணாவூரிலேயே அடக்கம் நடந்தது. எங்கள் தெரு ஆம்பிளைகள் எல்லோரும் போனார்கள். சாவுக்குப் போய்வந்தால் குளிக்க வேண்டும் அல்லவா, பட்டப்பகலில் தெருவில் இருக்கிற அத்தனை ஆம்பிளைகளும் வரிசையாகக் குழாயடியில் உட்கார்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். அத்தை குடத்தோடு வந்து, அவர்கள் எழுந்திருக்கும்வரை காத்திருந்து, தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது தெருவுக்குப் புதுச் சிக்கல். செத்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவள் தலையில் பூ வைத்துக்கொண்டு பூசைக்குப் போவதைப் பார்க்க யாருக்கும் பொறுக்கவில்லை. சொன்னால், எங்கே செத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கடைசியில் உபதேசியார் வழி கண்டுபிடித்தார். மாமாவை ஸ்பெயினிலேயே சாகடித்துவிடலாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சாவை ஏற்பாடு செய்தார்கள். அப்பாவுக்குக் கடலில் விழுந்து போனார் என்று சொல்லிவிட ஆசை, கல்லறை எங்கே என்ற பேச்சு வராது. உபதேசியார் ஒத்துக்கொள்ளவில்லை. "கத்தோலிக்க தேசம்யா அது! அங்க போய் ஒரு மனுசன் அனாதையா சாவுறதா?" என்றார். குளிர் நாடு என்பதால் நிமோனியா என்று முடிவாயிற்று.

உபதேசியார், அப்பா, அம்மா மூன்று பேரும் வந்தபோது அத்தை எங்களோடு உட்கார்ந்து ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தவில்லை. உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். நிமோனியாவை முடித்துவிட்டு அடக்கத்துக்கு வந்தார். மாதா கோயில் மணி அடித்தது, சாமியார் லத்தீனில் பாடினார், கன்னியாஸ்திரிகள் வெள்ளைப் பூ கொண்டுவந்தார்கள். சொல்லச் சொல்ல அவருக்கே துக்கம் தாங்கவில்லை. மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவும் அழுதாள். நாங்கள் நாலு பேரும் மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தாஸு மட்டும் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். நான் பார்க்கவில்லை.

அத்தை கையில் இருந்த பணியாரத்தைத் திருகி முடித்துத் தட்டில் வைத்தாள்.

"நல்லா சொன்னீங்கோ. அந்த மனுசன் கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு," என்றாள். பிறகு என் அப்பா பக்கம் திரும்பினாள். "அங்க புள்ளைங்கோ எத்தினி?"

"எங்க?" என்றார் அப்பா.

"எர்ணாவூர்ல."

அப்பா கூரையைப் பார்த்தார், உபதேசியாரைப் பார்த்தார். அங்கே உதவி கிடைக்கவில்லை. "மூணு," என்றார்.

"சின்னதுக்குப் பல்லு மொளச்சிகீதா?"

எனக்குத் தெரிந்து அத்தை கேட்ட கேள்விகள் இவை இரண்டுதான். கேட்டுவிட்டுப் பணியாரத்தை எண்ண ஆரம்பித்தாள்.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டாள். "தெரிஞ்சேவா இருந்தே? இத்தினி வருசமா? ஒரு வார்த்த கேக்காமயா?"

"உங்கூட்டுக்காரரு தெனம் இந்த வாசலத் தாண்டித்தான் வர்றாரு. சட்டைல எம் புருசன் தாளிப்பு வாசன வரும். சோம்பக் கருக்காம தாளிக்க வராது அந்தாளுக்கு," என்றாள் அத்தை. "தெருவே கூடிக் கஸ்டப்பட்டு மறைச்சீங்கோ. அத்தக் கெடுக்க எனக்கு மனசு வர்ல."

அப்பா தன் சட்டைக் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்.

முதலில் சுதாரித்தவர் உபதேசியார்தான். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வெட்கத்தை அவர் நியாயமாக மாற்றிக்கொண்டார். "நீதாம்மா கோயில்ல மால மாத்துனவ. வா, போலாம். நாலு பேரு எதிர்ல நான்தான் பொஞ்சாதின்னு சொல்லு. நானே சாட்சி. அந்தப் பொம்பள அதுக்கப்புறம் அந்த ஊர்ல தல நிமுந்து நடக்கறாளா பாத்துர்றேன்," என்றார்.

"தட்டத் தூக்க ஆளு வேணும். புள்ளைங்கோ வரட்டும்," என்றாள் அத்தை.

பாய் அவசரமாகச் சுட்டுக் கொடுத்தார். அன்று சோமாசி என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், சொந்தக்காரர்கள்தான் சாப்பாடு கொண்டுபோவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அத்தை எந்த வகையில் சொந்தம் என்பதுதான் பஸ்ஸில் போகிறபோது எனக்குப் புரியவில்லை. சூடான தட்டு மடியில் இருந்தது. முன் சீட்டில் உபதேசியார் சொல்லவேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே போய் அத்தை என்ன சொல்லப் போகிறாள், அந்தப் பெண்ணை ஊர் முன்னால் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கப் போகிறாளா என்று நினைத்துத் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அத்தை ஜன்னல் வழியாக ஒவ்வொரு நிறுத்தமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் அவள் வருவது அதுதான் முதல் தடவை.

வீட்டு வாசலில் சாவுப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வலை பின்னுகிற ஆட்கள் நாலைந்து பேர் ஓரமாக நின்றார்கள். உள்ளே இருந்து எழுந்து வந்தவள் எங்கள் அம்மாவைவிட இளையவள். அழுது முகம் வீங்கியிருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று, முந்தானைக்குப் பின்னால் ஒரு பெண்.

"யாரும்மா நீங்கோ?"

உபதேசியார் ஒரு அடி முன்னால் வைத்தார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தை என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்து, துணியை விலக்கினாள்.

"யம்மா! நைனா பண்ற ஸ்பெயின் பணியாரம்!" என்று அந்தப் பெண் பிள்ளை கத்தினாள்.

அந்த அம்மாள் தட்டைப் பார்த்தாள். அத்தையின் கழுத்தில் சிலுவை வைத்த தாலியைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் ஏறுவது எனக்கே தெரிந்தது. குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"ஸ்பெயின்ல ஒரு சம்சாரம் கீதுன்னு சொல்லிக்கினே இருப்பாரு," என்றாள். "அது கடல் தாண்டி வராது, நீ கவலப்படாதம்பாரு. நீங்களா அது? வெள்ளக்காரின்னு இல்ல சொன்னாரு?"

உபதேசியார் வாயைத் திறந்தார். அத்தை அவரைத் திரும்பிப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து, ஒரு பணியாரத்தை எடுத்துப் பிட்டு ஊதி, காலைக் கட்டிக்கொண்டிருந்த குழந்தையின் கையில் கொடுத்தாள்.

"இங்க வந்து எறங்கி வெயில்ல கறுத்துட்டேம்மா," என்றாள்.